பழைய கைத்தடியில் தேய்ந்த ஊர்ப் பெயரைப் படிக்க உதவி தேவை

வணக்கம். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் வசிக்கிறேன். இங்கே ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில், பழைய குடைகளோடு சேர்ந்து ஒரு கருங்காலிக் கைத்தடி என் கைக்கு வந்தது. தலைப்பகுதி 14 காரட் தங்கம். பொறிப்பில் 'பாஸ்டன் போஸ்ட்' என்ற நாளிதழின் பெயர் தெளிவாகத் தெரிகிறது, ஊர்ப் பெயர் மட்டும் தேய்ந்துவிட்டது.

1909இல் அந்த நாளிதழின் வெளியீட்டாளர் எட்வின் குரோசியர், அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியின் 700 ஊர்களுக்கு ஊருக்கொன்றாக அனுப்பிய தடி இது. ஊரிலேயே வயதில் மூத்தவர் வைத்திருப்பார். அவருக்குப் பின் அடுத்த மூத்தவருக்குப் போகும். முதலில் ஆண்களுக்கு மட்டும்தான், 1930 முதல் பெண்களுக்கும். ஆக, இது ஊர்ச் சொத்து. விற்க எனக்கு மனமில்லை, உரிய ஊருக்கே போய்ச் சேர வேண்டும்.

பத்திரிகையைக் கேட்கலாம் என்றால் அது 1956இலேயே நின்றுவிட்டது. உருப்பெருக்கியில் பார்த்தேன், இருட்டில் பக்கவாட்டாக டார்ச் அடித்தேன், மெல்லிய தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தும் பார்த்தேன். முதல் எழுத்து டபிள்யூ, கடைசி இரண்டு ஓ, என். வில்டன், வெஸ்டன் என்று பல ஊர்கள் பொருந்துகின்றன. சில ஊர் அலுவலகங்களுக்கு எழுதியதில், பழைய பதிவேடு இல்லை என்றே பதில் வந்தது. பழம்பொருள் வியாபாரி ஒருவர் பாலிஷ் போடச் சொன்னார். மிச்சமிருக்கும் கோடும் போய்விடும் என்று மறுத்துவிட்டேன்.

கல்வெட்டும் செப்பேடும் படித்துப் பழகியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். தங்கத்துக்குச் சேதமில்லாமல் நடு எழுத்துகளை வெளிக்கொண்டுவர என்ன வழி?