ஆக்குபேஷனல் தெரபியில் குதிரை: தேவையா, ஆடம்பரமா?

ஓடி_மாறன்:
ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியா (பெருமூளை வாதத்தால் முக்கியமாக இரு கால்களும் இறுகும் நிலை) உள்ள குழந்தையின் உட்காரும் சமநிலைக்குக் குதிரை எதற்கு, கிளினிக்கில் இருக்கும் போல்ஸ்டர் என்ற உருளைத் திண்டு போதாதா என்று கயல் மேடம் கேட்டிருந்தார். போதாது என்பேன். நடக்கும் குதிரையின் முதுகு மூன்று திசையிலும் அசைகிறது. எந்தப் பக்கப் பின்னங்கால் முன்னே வருகிறதோ அந்தப் பக்கம் முதுகு தாழும். மேலே இருக்கும் குழந்தையின் இடுப்பும் அந்தப் பக்கம் இறங்கும், முன்பின்னாகச் சாயும், சற்றே திரும்பும். நாம் நடக்கும்போது நம் இடுப்பு செய்வதும் ஏறத்தாழ இதுதான். நிமிடத்துக்குச் சுமார் 100 அடி என்றால் 20 நிமிடத்தில் 2000 முறை. கையால் போல்ஸ்டரை ஆட்டி இதைத் தர யாராலும் முடியாது. 2003-இல் பெண்டா, மெக்கிப்பன், கிராண்ட் மூவரும் 15 குழந்தைகளிடம் இதைத்தான் ஒப்பிட்டார்கள். சிலருக்கு 8 நிமிடம் நடக்கும் குதிரை, மற்றவர்களுக்கு 8 நிமிடம் அசையாத பீப்பாய். குதிரையில் இருந்தவர்களுக்குத்தான் இருபக்கத் தசைகளின் வேலை சமப்பட்டது.

பிசியோ_கயல்:
மாறன் சார், அந்த ஆய்வு அளந்தது இறங்கிய கையோடு. மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் அந்தப் பலன் இருந்ததா என்று அது சொல்லவில்லை. 2009-இல் ஆஸ்திரேலியாவில் டேவிஸ் குழுவினர் 99 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பத்து வாரம் குதிரைச் சவாரி தந்தார்கள். இயக்கத்திறனில் குறிப்பிடத்தக்க வித்தியாசமே வரவில்லை. ஒரு குழந்தைக்கு ஒரு தெரபிஸ்ட், குதிரையை நடத்த ஒருவர், பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர், ஒரு குதிரை. இந்தச் செலவில் அதே குழந்தைக்கு எத்தனை மணி நேரம் கிளினிக்கில் வேலை செய்யலாம் என்று கணக்குப் போடுங்கள்.

ஓடி_மாறன்:
டேவிஸ் ஆய்வில் நடந்தது சவாரிப் பயிற்சி. அங்கே குழந்தை குதிரை ஓட்டக் கற்றுக்கொள்கிறது. ஹிப்போதெரபியில், அதாவது குதிரையின் அசைவையே சிகிச்சையாகப் பயன்படுத்தும் முறையில், குழந்தை குதிரையைச் செலுத்துவதே இல்லை. அசைவின் அளவை நிமிடத்துக்கு நிமிடம் மாற்றுவது தெரபிஸ்ட். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம் தீர மாட்டேன் என்கிறது. 2015-இல் கொரியாவில் குவான் குழுவினர் 92 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வாரம் இரு முறை, அரை மணி வீதம், 8 வாரம் ஹிப்போதெரபி தந்தார்கள். அவர்களுக்கு ஜி.எம்.எஃப்.எம். (உட்காருவது, நிற்பது, நடப்பது போன்ற பெரிய அசைவுகளை அளப்பது) மதிப்பெண்ணும் சமநிலை மதிப்பெண்ணும் உயர்ந்தன.

பிசியோ_கயல்:
அதில் ஒப்பீட்டுக் குழு செய்தது வீட்டில் ஏரோபிக் பயிற்சி. அதே 16 அரை மணி நேரம் ஒரு தெரபிஸ்ட் கூடவே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதை யாரும் ஒப்பிடாமல் குதிரைக்குப் பெயர் கொடுக்கக் கூடாது. இன்னொன்று, ஜி.எம்.எஃப்.எம். எங்கள் அளவுகோல். நீங்கள் ஓ.டி., அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். உங்கள் குறிக்கோளில் கை எங்கே இருக்கிறது?

ஓடி_மாறன்:
நியாயமான கேள்வி. "கையை ஊன்றாமல் உட்கார்ந்து சட்டைப் பொத்தான் போடுவது" குறிக்கோள் என்று வையுங்கள். முதல் 5 நிமிடம் நேர்கோட்டில் நிதான நடை, கைகள் சர்சிங்கிளின் (குதிரையின் உடலைச் சுற்றிக் கட்டும் பட்டை) பிடியில். தொடைத் தசை தளர்ந்து முதுகு நிமிர்ந்ததும் ஒரு கையை எடுக்கச் சொல்லி, பக்கத்தில் நடப்பவர் நீட்டும் வளையத்தை வாங்கி மறுபக்கம் கொடுக்க வைக்கிறோம். உடலின் நடுக்கோட்டைக் கை தாண்டுவது அங்கே தொடங்குகிறது. பிறகு 20 மீட்டர் வட்டம். அது கைவந்தால் 10 மீட்டர். வட்டம் சிறுக்கச் சிறுக்கப் பக்கவாட்டில் தாக்குப்பிடிக்க வேண்டும். நின்று கிளம்புவது முன்பின் சமநிலைக்கு. பின்நோக்கி உட்கார வைத்துக் குதிரையின் பிட்டத்தில் உள்ளங்கை ஊன்ற வைத்தால் தோளும் மணிக்கட்டும் எடை தாங்கும். முதுகு வளைந்து தலை தொங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான், நிறுத்திவிட வேண்டும்.

லாயக்காரர்:
இரண்டு பேரும் குதிரையை ஒரு கருவி மாதிரி பேசுகிறீர்கள். எல்லாக் குதிரையும் ஒன்றல்ல. அகன்ற முதுகுள்ள குதிரையில், தொடை உள்தசை இறுகிய குழந்தையை ஏற்றினால் கால் விரியாமல் வலிக்கும், இடுப்பு பின்னால் சரியும், கூன் விழும். அந்தக் குழந்தைக்கு ஒடுங்கிய உடல் வாகு வேண்டும். குதிரை ஒரு காலை லேசாக இழுத்து நடந்தாலும் கோணலான அசைவே மேலே போகும். சமநிலை தரப் போய்க் கோணலைப் பழக்கிவிடுவோம். நடத்துபவர் கயிற்றை முன்னே இழுத்தால் தலை தூக்கும், முதுகு குழியும், அடி சுருங்கும். நீளக் கயிற்றைப் பிடித்துப் பின்னாலிருந்து நடத்தினால் முதுகு தாராளமாக அசையும். அதற்குப் பழகிய ஆள் வேண்டும். சேணத்துக்குப் பதில் மெத்தென்ற பேடும் சர்சிங்கிளும் போடுங்கள். சேணத்தில் கால் வைக்கும் வளையமான அங்கவடி பாதத்தின் முன்பகுதியில் அழுத்தினால் சில குழந்தைகளுக்குக் கால் விறைத்து நீண்டுவிடும்.

ஓடி_மாறன்:
லாயக்காரர் அண்ணா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பக்கத்தில் வருபவர்கள் பயத்தில் குழந்தையின் இடுப்பை இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். பிடித்தால் அசைவு அங்கேயே செத்துவிடும், குழந்தையும் அந்தக் கையில் சாய்ந்துகொள்ளும். முன்கையைத் தொடையின் மேல் குறுக்கே வைத்தால் போதும். ஆபத்து என்றால் குழந்தையைப் பக்கவாட்டில் இறக்குவது யார் என்பதை ஏற்றுவதற்கு முன்பே பேசி முடிவு செய்திருக்க வேண்டும்.

பிசியோ_கயல்:
யாரை ஏற்றவே கூடாது என்பதை இன்னும் யாரும் எழுதவில்லை. டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்கு முதல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கு இடையே தளர்வு இருந்தால் கூடாது. கட்டுப்படாத வலிப்பு, உட்காரும் இடத்தில் புண், கடும் எலும்புத் தேய்வு இருந்தாலும் கூடாது. பெருமூளை வாதத்தில் இடுப்பு மூட்டு மெல்ல விலகுவது சகஜம், அதனால் எக்ஸ்-ரே பார்க்காமல் கால் விரித்து உட்கார வைப்பதை என்னால் ஏற்க முடியாது. இவ்வளவு வடிகட்டிய பிறகு மிஞ்சும் குழந்தைகளுக்கு எந்திரக் குதிரை போதுமே? 2012-இல் ஸ்பெயினில் ஹெரேரோ குழுவினர் 38 குழந்தைகளிடம் பார்த்தார்கள். வாரம் 15 நிமிடம், பத்து வாரம். உட்காரும் சமநிலை கூடியது. ஒவ்வாமை, மழை, லாயச் செலவு எதுவும் இல்லை.

ஓடி_மாறன்:
எந்திரம் ஓடும் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். குழந்தை முன்னேறிப் போகும் இடம் என்று ஒன்று அதில் கிடையாது, திருப்பமும் கிடையாது. கிளினிக்கில் தொடக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம், மறுக்கவில்லை. எக்ஸ்-ரே விஷயத்தில் முழுக்க உங்கள் பக்கம். அளப்பதைக் குதிரை மேல் செய்யாமல் தரையில், பெஞ்சில் உட்கார வைத்து, ஏறுவதற்கு முன் செய்வோம். பொத்தான் போட எத்தனை நொடி, எத்தனை முறை கை ஊன்றியது என்று எழுதி வைப்போம். 12 அமர்வில் அந்த எண் நகரவில்லை என்றால் குதிரையை விட்டுவிடலாம்.

பிசியோ_கயல்:
12 அதிகம், 8 போதும். ஒவ்வொரு அமர்விலும் கடைசி 15 நிமிடம் மேசையில் அதே வேலையைச் செய்ய வைக்க வேண்டும். அது இல்லாத திட்டத்துக்குப் பெற்றோரை அனுப்ப மாட்டேன்.

லாயக்காரர்:
வளர்ந்த பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு முன் எடையைப் பாருங்கள். பேடு, சர்சிங்கிள் எல்லாம் சேர்த்துக் குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். 350 கிலோ குதிரைக்கு 70 கிலோ. உட்காரத் தடுமாறும் பிள்ளை ஒரே பக்கம் சரிந்தால் அதைவிடக் குறைத்துத்தான் ஏற்ற வேண்டும். பெரியவர் ஒருவர் பின்னால் ஏறிப் பிடித்துக்கொள்வது வேண்டவே வேண்டாம். அந்தச் சுமை முழுக்கக் குதிரையின் இடுப்புப் பகுதியில் விழும், அங்கே தாங்க விலா எலும்பு கிடையாது.