மூன்றாம் நாள் வரை அழகு, ஐந்தாம் நாளில் கரு நின்றுபோகிறது: உதவுங்கள்

கொழிஞ்சாம்பாறைக்காரி:
பாலக்காட்டில் சிறிய கருத்தரிப்பு மையம். லேபில் நானும் ஓர் உதவியாளரும்தான். மூன்று வாரமாக நிம்மதி இல்லை. முட்டைகள் நன்றாகக் கருவுறுகின்றன, மூன்றாம் நாள் எட்டுச் செல்லும் வந்துவிடுகிறது. பிறகு செல்கள் கருத்து, பொடிப்பொடியாகி நின்றுவிடுகின்றன. வழக்கமாகப் பாதியாவது பிளாஸ்டோசிஸ்ட் (ஐந்தாம் நாளின் வளர்ந்த கரு) ஆகும். இப்போது ஐந்தில் ஒன்று.

கார்பன் டை ஆக்சைடு 6 சதவீதம், ஆக்சிஜன் 5. இரவு முழுக்க இன்குபேட்டரில் வைத்த மீடியாவின் (கரு வளரும் திரவம்) பி.எச்., அதாவது அமிலத்தன்மை அளவு, 7.28. எல்லாம் சரியாகவே இருக்கிறது. மீடியா, டிஷ் இரண்டும் பழைய லாட்தான் (ஒரே தடவையில் தயாரான தொகுதி). விந்தில் கோளாறு இருக்கலாம் என்கிறார் மருத்துவர். ஒன்பது தம்பதிகளுக்குமா?

சித்தூர் தம்பி:
சூடான மேடையில், காற்று வீசும் ஹூடுக்குள் (தூசி புகாத வேலைப் பெட்டி) மீடியாச் சொட்டு வைக்கிறீர்களா அக்கா? சின்னச் சொட்டு நிமிடங்களில் வற்றி உப்புச்செறிவு ஏறிவிடும். நான் அப்படி மாட்டியிருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறைக்காரி:
இல்லை தம்பி. மேடையைச் சூடாக்குவதில்லை, சொட்டு வைத்த கையோடு, வற்றாமலிருக்க மேலே எண்ணெய் ஊற்றிவிடுவேன்.

பழைய பைபெட்:
அந்த எண்ணெயைப் பற்றித்தான் ஒரு வார்த்தையும் காணோம்! எட்டுச் செல் வரை கரு பெரும்பாலும் முட்டை கட்டிக்கொடுத்த கட்டுச்சோற்றில் ஓடுகிறது. பிறகுதான் சொந்த அடுப்பு, அதாவது கருவின் சொந்த மரபணுக்கள். மருத்துவரின் சந்தேகம் தவறல்ல, விந்தின் குறையும் அப்போதுதான் வெளிப்படும். ஆனால் ஒன்பது பேருக்கும் ஒரே சமயத்தில் என்றால் பொதுவாக உள்ள பொருளைப் பாருங்கள். எண்ணெய் புதிய லாட்டா?

கொழிஞ்சாம்பாறைக்காரி:
ஆமாம். பங்குனி வெயிலில் வந்தது. பெட்டி சனி, ஞாயிறு இரண்டு நாளும் கோயம்புத்தூர்க் கிடங்கில் கிடந்தது. திறந்த பாட்டில் ஹூடில், விளக்கடியில் நிற்கிறது. எலிக்கருவை அதன் கீழ் வளர்த்துப் பார்க்கும் சோதனையில் தேறியதாகச் சான்றிதழ் இருக்கிறதே?

பழைய பைபெட்:
சான்றிதழ் ஆலை வாசல் வரைக்கும்தான். வெயிலும் வெளிச்சமும் பட்டால் எண்ணெயில் பெராக்சைடு என்ற நஞ்சு ஏறும், அது மீடியாவில் இறங்கும். பார்த்தால் தெரியாது, மணக்காது. பி.எச். மீட்டரும் காட்டாது.

விந்து பிழைப்புச் சோதனை செய்யுங்கள். ஒப்புதலுடன் கிடைத்த, கழுவிய நல்ல விந்து ஒன்று. மீடியாவில் புரதம் வேண்டாம். ஆல்புமின் போன்ற புரதம் நஞ்சைப் பிடித்து மறைத்துவிடும். ஒரே மாதிரியைப் பங்கிட்டு ஒவ்வோர் எண்ணெயின் கீழும் வையுங்கள். 24 மணி நேரம் கழித்து, எத்தனை சதவீத விந்தணுக்கள் ஓடுகின்றன என்று, எது எந்த எண்ணெய் எனத் தெரியாத ஒருவர் எண்ணட்டும். புதிய எண்ணெயின் எண்ணிக்கையைப் பழைய எண்ணெயின் எண்ணிக்கையால் வகுத்து 0.8க்குக் கீழே வந்தால் எங்கள் லேபில் அந்த லாட் உள்ளே வராது. பழைய லாட் மிச்சம் இருக்கிறதா?

கொழிஞ்சாம்பாறைக்காரி:
சோம்பேறித்தனத்தால் அலமாரியில் திறக்காமல் ஒரு பாட்டில் தங்கிவிட்டது. காலாவதி ஆகவில்லை.

கொழிஞ்சாம்பாறைக்காரி (நான்கு நாள் கழித்து):
எண்ணியவர் உதவியாளர். பழைய லாட்டில் 71 சதவீதம் ஓடுகின்றன. புதிய லாட்டில் திறக்காத பாட்டில் 52, விளக்கடியில் நின்றது 38. வகுத்தால் 0.73, 0.54. பாதிப் பழி வழிப்பயணத்துக்கு, மீதி எனக்கு.

சித்தூர் தம்பி:
ஒரு முறை எண்ணியது போதாது அக்கா, வேறொரு மாதிரியில் திரும்பச் செய்யுங்கள். டிஷ்ஷையும் சேர்த்து.

கொழிஞ்சாம்பாறைக்காரி:
நாளை வைக்கிறேன். அந்த லாட் முழுவதையும் சிவப்பு நாடா ஒட்டி ஒதுக்கியாயிற்று, விற்றவருக்கும் எழுதிவிட்டேன். எண்களை மருத்துவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்பது தம்பதிகளின் கோப்புகளையும் எடுத்து வரச் சொன்னார்.