கலைச்சொல் உதவி: 'ஜியோக்கோ பியானோ'

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். சதுரங்கக் கையேடு ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இ4 இ5, குதிரை எஃப்3, குதிரை சி6, பிறகு மந்திரிகள் சி4, சி5 கட்டங்களில் வந்து நிற்கும் ஜியோக்கோ பியானோ (இத்தாலிய மொழியில் 'அமைதியான, மென்மையான ஆட்டம்') தொடக்கத்துக்கு 'அமைதி ஆட்டம்' என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

பயிற்றுநர்:
'அமைதி' என்றால் இருவரும் டிரா பேசி முடித்துக்கொண்டதாகவே மாணவர் நினைப்பர். வெள்ளை மந்திரி குறிவைக்கும் எஃப்7 சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலிய ஆட்டக்காரர் கிரெக்கோ சி3, டி4 என நடுப்பகுதியை உடைத்துக் காட்டிய வரிசைகள் அடிதடிதான். இன்றைய ஆட்டக்காரர்களோ டி3 என்று ஒரே கட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 2000இல் உலகப் பட்டப் போட்டியில் காஸ்பரோவுக்கு எதிராகக் கிராம்னிக், ருய் லோபஸ் என்னும் மற்றொரு தொடக்கத்துக்குரிய பெர்லின் தற்காப்பை அரணாக்கிய பிறகு, அதில் ராணிகள் சீக்கிரமே வெட்டுப்படுவதை விரும்பாத பலர் இத்தொடக்கத்துக்குத் திரும்பினர். இதில் பெரும்பாலான காய்கள் நெடுநேரம் பலகையிலேயே நிற்கும். பி1 குதிரை டி2, எஃப்1 என்று சுற்றி ஜி3-க்குப் போக அவகாசம் இருக்கும். சண்டை தள்ளிப்போகுமே தவிர நின்றுபோகாது. ஆகவே 'மெல்லாட்டம்' என்பேன்.

தமிழாசிரியர்:
மெல் + ஆட்டம், ஒற்று இரட்டி மெல்லாட்டம்; இலக்கணக் குறையில்லை. ஆனால் பலகை விளையாட்டுக்குத் தொல்காப்பியமே 'வல்' என்னும் சொல்லைத் தந்திருக்க, 'ஆட்டம்' எதற்கு? காய்க்கும் 'நாய்' என்ற பெயர் இருந்தது. நாயிடக் குழிந்த, அதாவது காய்களை வைத்து வைத்தே குழிந்துபோன, வல்லைப் புறநானூறும் காட்டுகிறது. 'மெல்வல்' என்க. 'அமைதி'யையும் அவசரப்பட்டுத் தள்ள வேண்டா; 'இலக்கண அமைதி' என்னும்போது சண்டையின்மையையா சொல்கிறோம்?

வாசகர்:
ஐயா, 'மெல்வல்' மென்மையா வன்மையா என்று படிப்பவர் மலைப்பார். குதிரைக்குப் பக்கத்தில் நாயையும் நிறுத்தினால் நூலை மூடிவிடுவார். ஆடுகிறவர்கள் 'இட்டாலியன்' என்கிறார்கள். 'இத்தாலியத் தொடக்கம்' போதாதா?

பயிற்றுநர்:
போதாது. மூன்றாம் நகர்வில் கறுப்பு எஃப்6-இல் குதிரையை வைக்கும் இரு குதிரைத் தற்காப்பும் அந்தப் பெயருக்குள் அடங்கிவிடும்.

மொழிபெயர்ப்பாளர்:
நேரமில்லாததால் 'மெல்லாட்டம்' என்றே அனுப்புகிறேன், பெரும்பான்மையும் அதுதான். டி3 வகைக்குரிய 'பியானிசிமோ'வுக்கு ('மிக மென்மையான') 'மென்மெல்லாட்டம்' என்று இட்டிருக்கிறேன்.

தமிழாசிரியர்:
என் மறுப்பு நிற்கிறது. மிகுதியைக் காட்ட 'மெல்லமெல்ல' என்ற அடுக்கு இருக்க, 'மென்மெல்' எந்த வழக்கு?