கிங்ஸ்டனில் படிக்கப் போகிறேன்: அறை எங்கே எடுப்பது, பஸ் எப்படி?

கோண்டாவில் பெடியன்:
எல்லோருக்கும் வணக்கம். ஜமேக்காவில் மேற்கிந்தியப் பல்கலைக்கழக மோனா வளாகத்தில் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. விடுதி கிடைக்குமோ தெரியாது. வெளியில் அறை தேடினால் ஹாஃப் வே ட்ரீ என்ற இடத்துப் பக்கம்தான் கூடுதலாக வருகிறது, வரைபடத்தில் கம்பஸுக்குக் கிட்டவாகத்தான் தெரிகிறது. இங்கே யாழ்ப்பாணத்தில் பரமேஸ்வராச் சந்தியில் நிற்கிற மாதிரி கையைக் காட்டினால் ஏதாவது நிற்குமா? கார் வாங்க வசதியில்லை, சில வகுப்புகள் இரவில்தான் முடியுமாம்.

வடமராட்சிக்காரி:
வாழ்த்துகள் தம்பி. நான் அங்கே படித்தனான். கம்பஸுக்குக் கிட்ட இருக்கிற பபைன் என்ற இடத்தின் பெயரை முதலில் மனதில் வை. அந்தப் பக்கம் ஓடுகிற பஸ்ஸும் ரூட் டாக்ஸியும் அங்கே வந்துதான் திரும்பும். யூடெக் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே, மோனாவுக்கு அங்கிருந்து நடக்கலாம். பகலில் ஹாஃப் வே ட்ரீயிலிருந்து வருவது பெரிய வேலையில்லை, 2008இல் திறந்த பெரிய பஸ் நிலையம் அங்கே இருக்கிறது, ஆனால் இரவு வகுப்பு முடிந்து களைத்துப்போய் இரண்டு வாகனம் மாறி அறைக்குப் போகிறதை நினைத்துப் பார். வாடகை கொஞ்சம் கூடினாலும் கம்பஸுக்குக் கிட்ட மோனா ஹைட்ஸ், ஹோப் பாஸ்சர்ஸ் பக்கம் பார்.

ரூட் டாக்ஸி என்றால் ஓட்டோ மாதிரித் தனியாகப் பேசிப் போகிறதில்லை. ஒரே பாதை, ஒரே கட்டணம், பின்சீட்டில் முட்டி இடிக்க இடிக்க மற்ற ஆட்களோடு போக வேண்டும். டிரைவர் "பபைன், பபைன்" என்று கத்துவான். ஏறினதும் உள்ளே இருக்கிறவர்களுக்குக் குட் மோர்னிங் சொல்லு, சொல்லாவிட்டால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்!

பழைய சிடிபி:
அக்கா சொன்னது சரி, ஆனால் ஹாஃப் வே ட்ரீயை அப்படியே ஒதுக்காதே. நகரத்துக்குள் எங்கே போவதென்றாலும் அங்கேயிருந்து வாகனம் பிடிக்கலாம், எட்னா மான்லி கலைக்கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்கு அதுதான் வசதி. மஞ்சள் பஸ் அரசாங்கத்தினுடையது. முன்பு பஸ் ஓட்டின ஜேஓஎஸ் கம்பனி 1983இல் மூடப்பட, பிறகு கனகாலம் தனியார் மினிபஸ்காரர்களின் ராச்சியம்தான். நெரிசலும் போட்டியும் எப்படி இருந்திருக்கும் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. 1998இல்தான் இந்த மஞ்சள் பஸ் ஓட்டுகிற இப்போதைய அரசாங்கக் கம்பனி ஜேயூடிசி வந்தது.

கோண்டாவில் பெடியன்:
நன்றி அக்கா, அண்ணை. டாக்ஸி உண்மையானதா என்று எப்படிப் பிடிபடும்?

வடமராட்சிக்காரி:
நம்பர் பிளேட் சிவப்பாக இருக்க வேண்டும். அனுமதி இல்லாமல் ஓடுகிறதை அங்கே ரோபோ என்பார்கள், அவசரத்தில் சனம் ஏறும், நீ ஏறாதே. எயார்போட்டிலிருந்து முதல்நாள் பொதியோடு பஸ் பிடிக்கிற எண்ணம் வேண்டாம், அது கடலுக்குள் நீண்டு கிடக்கிற ஒடுங்கின நிலத்தில் இருக்கிறது, கம்பஸ் ஊரின் மறுகோடியில் மலையடிவாரத்தில். கம்பஸுக்கே எழுதி ஆள் அனுப்பச் சொல்லிக் கேள். அப்புறம், வளாகத்துக்குள் பழைய கரும்புத் தோட்டத்துக் கல் வாய்க்கால் இன்னமும் நிற்கிறது, அதையும் பார்.

நல்லூர் வீதி:
இடதுபக்க ஓட்டம்தான் தம்பி, றோட்டுக் கடக்கிறதில் குழப்பம் வராது. விடுதிக்கு இன்றைக்கே விண்ணப்பம் போடு, கிடைத்தால் இவ்வளவும் தேவையில்லை.