பாறைத் தடத்துக்கு டயரில் காற்று எவ்வளவு? 34-ஐ எங்கே கொண்டுவந்து நிறுத்துவது?

மலைத்தடம் (கேள்வி)

வணக்கம். வண்டி 4 வீல் டிரைவ் டீசல் எஸ்யூவி. ஆட்கள், தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு 2,600 கிலோ. முன் அச்சில் 1,250, பின் அச்சில் 1,350. டயர் 265/70 ஆர்17, ஆல் டெரெய்ன் (எல்லாத் தரைக்குமானது), எல்டி வகை (பாரம் தாங்கும் லைட் டிரக் டயர்), டியூப்லெஸ். சாதாரண அலாய் ரிம்தான், பீட்லாக் (டயர் விளிம்பை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் வளையம்) இல்லை. தார்ச் சாலையில் 34 பி.எஸ்.ஐ (காற்றழுத்த அளவு) வைத்து ஓட்டுகிறேன்.

போகவேண்டிய தடத்தில் தேங்காய் அளவுக் கற்களும், ஒரு சாண் உயரப் பாறைப் படிகளும், நடுவில் ஓர் ஓடையும் உண்டு. "கல்லில் காற்றை இறக்கினால் சைட்வால் (டயரின் பக்கச்சுவர்) கிழியும், 34-லேயே விடு" என்று ஒரு தரப்பு. "15-க்கு இறக்கு" என்று இன்னொரு தரப்பு. எதை எடுப்பது? முன்னும் பின்னும் வேறு வேறாக வைக்கவேண்டுமா?

சக்கரச்சுவடு

உங்கள் எடைக்கும் டயருக்கும் முன் 18, பின் 20-ல் தொடங்குங்கள். 15 வேண்டாம். 34-ம் வேண்டாம்.

34 ஏன் கூடாது என்பதற்குச் சின்னக் கணக்கு. ஒரு சக்கரத்துக்குச் சராசரி 650 கிலோ. 34 பி.எஸ்.ஐ என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.4 கிலோ. டயரின் சொந்த விறைப்பை விட்டுவிட்டால், தரையில் படியும் பரப்பு 270 சதுர செ.மீ. 18-க்கு வந்தால் அது 510-ஐத் தாண்டும். இந்தக் கூடுதல் பரப்பு பெரும்பாலும் நீளவாக்கில்தான் வருகிறது, அகலம் கொஞ்சம்தான் கூடும். கூரான கல்மேல் ஏறும்போது விறைப்பான டயர் முழு எடையையும் அந்த ஒரு முனையில் வைக்கிறது; டிரெட் (தரையில் படும் பகுதி) குத்துப்படுவது அப்படித்தான். தளர்ந்த டயர் கல்லைச் சுற்றி மடிந்துகொள்ளும், எடை பக்கத்துக் கற்களுக்கும் பிரியும். பிடிமானம் கூடுவதும் இதனால்தான். பிடிமானம் இருந்தால் சக்கரம் சுழலாது. சுழலும் சக்கரம்தான் கல் விளிம்பில் ரப்பரை அறுத்துக்கொள்ளும்.

15 ஏன் கூடாது? பீட்லாக் இல்லாத ரிம்மில் டயர் விளிம்பை அதன் இடத்தில் பிடித்துவைப்பது உள்ளே இருக்கும் காற்றழுத்தமும், ரிம்மில் உள்ள சிறு மேடும்தான். 15-க்குக் கீழே போகப்போக, சக்கரம் இரு பாறைகளுக்கிடையே மாட்டியிருக்கும்போது ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் விளிம்பு கழன்றுவிடலாம். சாய்வான பாறையில் பள்ளத்துப் பக்கச் சக்கரங்களுக்கும் இதே ஆபத்து. 8, 10 என்று சொல்பவர்கள் பீட்லாக் போட்டவர்களாகவோ மிக இலேசான வண்டிக்காரர்களாகவோ இருப்பார்கள். 1,100 கிலோ வண்டிக்கு 15 சரியாக இருக்கலாம். 2,600 கிலோவுக்கு அதே 15-ல் ஒரு படியில் இடித்தாலும் சைட்வால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி இரண்டு இடத்தில் வெட்டுப்படலாம். ரிம்மும் வளையலாம்.

முன் பின் வித்தியாசம் அச்சு எடையைப் பொறுத்தது. உங்களுக்குப் பின்னால் 100 கிலோ கூடுதல்; செங்குத்தான ஏற்றத்தில் இன்னும் எடை பின்னுக்குப் போகும். அதற்குத்தான் அந்த 2. இடது வலது மட்டும் எப்போதும் ஒன்றாக இருக்கட்டும்.

கல்லும்ரப்பரும்

சக்கரச்சுவடு சொன்ன எண் நல்ல தொடக்கம். ஆனா எண்ணை மட்டும் பிடிச்சுத் தொங்காதீங்க. அதே 18-ல ஒரு டயர் நல்லா தளர்ந்திருக்கும், இன்னொரு டயர் கட்டை மாதிரி நிக்கும். எல்டி-லயே லோட் ரேஞ்ச் (பாரம் தாங்கற தரம்) சி, டி, ஈ-ன்னு இருக்கு. 10 பிளை (அடுக்கு) ரேட்டிங் உள்ள ஈ டயருக்கு சைட்வால் அவ்வளவு விறைப்பு. அதே அளவு தளர இன்னும் 2, 3 பி.எஸ்.ஐ இறக்கணும். சாதாரண கார் ரக டயர்னா தலைகீழ்: சைட்வால் மெல்லிசு, அதனால 2, 3 கூடவே வைக்கணும்.

அதனால அளந்து பாருங்க. ஒரு டேப் போதும்.

சமதரையில, முழு பாரம் ஏத்தி, சாலைப் பிரஷர்ல வண்டியை நிறுத்துங்க. வால்வு கீழே வராம இருக்கட்டும், அப்பதான் கை போகும். ரிம்மோட கீழ் விளிம்புல இருந்து தரை வரைக்கும் நேர்கோட்டுல அளங்க. உங்க அளவு டயர்ல அது கிட்டத்தட்ட 140 மி.மீ வரும். மெதுவா காத்தை இறக்கிட்டே திரும்பத் திரும்ப அளங்க. 140-ல 25 சதவீதம் போய் 105-க்கு வந்தா, அதுதான் மெதுவா ஊர்ந்து போற பாறைத் தடத்துக்குக் கடைசி எல்லை. அதுக்குக் கீழே இறக்காதீங்க. அந்த இடத்துல காத்தழுத்தக் கேஜ் என்ன காட்டுதோ அதை முன், பின் தனித்தனியா எழுதி வெச்சுக்குங்க. டயர் மாத்தினாலோ பாரம் மாறினாலோ மறுபடி அளக்கணும்.

இதுல ஒண்ணை மறந்துடக்கூடாது: 35 மி.மீ டயர்ல போச்சுன்னா அச்சு நடுவுல தொங்குற டிஃப்பரென்ஷியலும் அதே 35 மி.மீ கீழே வந்துடுச்சு. நடுவுல கல் தூக்கின தடத்துல அது பெரிய விஷயம். கல்லை ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல விடாம, டயரை அது மேலயே ஏத்துங்க.

கேஜும் முக்கியம். 0–160 அளவு உள்ள பெரிய கேஜ் 18-க்குப் பக்கத்துல நம்பற மாதிரி காட்டாது. 0–60 போதும்.

தட்டைக்கல்

மேலே இருவர் சொன்னதிலும் ஒரு திருத்தம். 25 சதவீதம் என்பது உருண்டையான, அசையாத பாறைக்கு. உடைந்து கூர்விளிம்போடு கிடக்கும் தட்டைக் கற்களாக இருந்தால் அவ்வளவு இறக்காதீர்கள். டயர் பிதுங்கும்போது சைட்வால் டிரெட்டுக்கு வெளியே வருகிறது. அங்கே டிரெட்டுக்கு அடியில் இருப்பது போன்ற எஃகுப் பட்டைகள் கிடையாது, துணி அடுக்குகள்தான். பக்கவாட்டில் நிற்கும் கூரான கல் நேராக அதைத்தான் வெட்டும். "இறக்கினால் கிழியும்" என்ற தரப்பு இந்த வகைத் தடத்தைப் பார்த்துச் சொல்வது. அந்த அளவில் அதில் நியாயம் உண்டு. ஆனால் அதற்கும் விடை 34 அல்ல. 15 சதவீதத் தளர்வோடு நிறுத்துங்கள். உங்கள் வண்டிக்கு 23, 24 பக்கம் வரும்.

வேகத்தையும் யாரும் சொல்லவில்லை. 18 பி.எஸ்.ஐ-யில் ஒவ்வொரு சுற்றுக்கும் சைட்வால் மடிந்து விரிகிறது, அந்த வேலை வெப்பமாகிறது. பாறையில் லோ ரேஞ்சில் (4 வீல் டிரைவின் மெதுவான கியர்) நடை வேகத்தில் போகும்போது பிரச்சினை இல்லை. தடத்தின் நடுவே நல்ல மண்பாதை வந்ததும் 60-க்கு மிதித்தால் உள்ளடுக்குகள் சூட்டில் பிரியத் தொடங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு நெடுஞ்சாலையில் வெடிக்கலாம். 18–20-ல் மணிக்கு 30 கி.மீ-க்கு மேல் வேண்டாம், 24-ல் 50.

தடம் முடிந்து காற்று ஏற்றும் முன் டயரின் உள்பக்கத்தையும் பாருங்கள். வெட்டு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். டிரெட்டில் ஓட்டை என்றால் பிளக் அடித்துத் தொடரலாம். சைட்வாலில் அடித்த பிளக் மெதுவாக வெளியே வருவதற்கு மட்டும். பிறகு அந்த டயரைக் கழற்றிவிட வேண்டும்.

மலைத்தடம்

மிக்க நன்றி. மூன்று சந்தேகம். ஸ்டெப்னி பழைய எஃகு ரிம், அதில் டியூப் போட்டிருக்கிறது. அதையும் 18-க்கு இறக்கலாமா? தடம் சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்குப் போகிறது. அங்கே பிரஷர் மாறுமா? விளிம்பு கழன்றுவிட்டால் அங்கேயே என்ன செய்வது?

சக்கரச்சுவடு

டியூப் உள்ள சக்கரத்தை 18-க்கு இறக்காதீர்கள். குறைந்த காற்றில், இழுவை கூடும்போது டயர் ரிம்மின்மேல் சிறிது நழுவும். டியூப்லெஸ்ஸில் அதனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. டியூப் இருந்தால் அது டயரோடு நகரும், வால்வு ரிம் துளையில் நிற்கும், அடியில் கிழிந்துவிடும். மாட்டவேண்டிய நிலை வந்தால் 25-ல் வைத்து, ரிம்மிலும் டயரிலும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். கோடு விலகினால் நழுவுகிறது என்று பொருள். இன்னும் காற்று ஏற்றுங்கள்.

உயரம்: கடல்மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ, 3,000 மீட்டரில் 10 சொச்சம். எனவே டயரைத் தொடாமலே கேஜ் 4-க்கு மேல் கூடுதலாகக் காட்டும். மேலே அடிவாரத்தைவிட 20 டிகிரி குளிராக இருந்தால் அதில் பாதியோ அதற்கு மேலோ திரும்பக் குறையும். கேஜ் காட்டுவதுதான் டயரின் உண்மையான விறைப்பு, ஆகவே தடம் தொடங்கும் இடத்திலேயே அளந்து இறக்குங்கள். முன்பே அடிவாரத்தில் இறக்கியிருந்தால் மேலே மறுபடி பாருங்கள். ஓடிச் சூடான டயரில் இறக்கினால், ஆறிய பின் 2 வரை குறைந்து நிற்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கல்லும்ரப்பரும்

விளிம்பு கழன்றா: வண்டியை நகர்த்தாதீங்க. மத்த சக்கரத்துக்குக் கல் முட்டுக் குடுத்து, ஜாக்கில தூக்கி, கழன்ற சக்கரத்துல எடை இல்லாம பண்ணுங்க. ரிம் விளிம்புல இருக்கிற மண், பொடிக்கல்லை ஈரத்துணியால முழுக்கத் துடைங்க, சோப்புத் தண்ணி தடவுங்க. ராட்செட் பட்டையை டிரெட்டைச் சுத்திக் கட்டி இறுக்கினா சைட்வால் ரெண்டும் வெளியே விரிஞ்சு ரிம்மைத் தொடும். வால்வுக்குள்ள இருக்கிற பின்னைக் கழட்டிட்டு கம்ப்ரஸரைப் போடுங்க, காத்து வேகமா போகும். விளிம்பு உட்கார ஆரம்பிச்சதும் பட்டையைத் தளர்த்திடுங்க. "டப்"னு ரெண்டு சத்தம் வரும். அப்புறம் பின்னை மாட்டி அளவுக்கு ஏத்திக்கலாம். உதிரி வால்வு பின் நாலு கையில இருக்கட்டும். கழட்டும்போது பறந்து கல்லிடுக்குல போயிடும். பெட்ரோல் அடிச்சுப் பத்தவெச்சு உட்கார வைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

கம்ப்ரஸரை சிகரெட் லைட்டர் சாக்கெட்ல போடாதீங்க. அதோட ஃப்யூஸ் பொதுவா 10–15 ஆம்ப். நல்ல கம்ப்ரஸர் 20-க்கு மேல இழுக்கும். பேட்டரில நேரடியா கிளிப் போட்டு, எஞ்சினை ஓட விட்டு அடிங்க. 18-ல இருந்து 34-க்கு உங்க டயர் ஒண்ணுக்கு சின்ன கம்ப்ரஸர்ல 5 நிமிஷம் பிடிக்கும். ரெண்டு டயருக்கு ஒருதரம் அதை ஆறவிடுங்க. டேஷ்போர்டுல டிபிஎம்எஸ் (டயர் அழுத்த எச்சரிக்கை) விளக்கு தடம் பூரா எரியும், அது இறக்கினதால. ஆனா ஒவ்வொரு டயருக்கும் எண் காட்டுற வகையா இருந்தா அந்தத் திரையை மூடாதீங்க. மத்த மூணும் 18-ல நிக்க ஒண்ணு மட்டும் 15-க்குப் போனா, வெட்டுப்பட்டது எதுன்னு இறங்காமலே தெரிஞ்சிடும்.