ஷோரூமில் வண்டி எடுக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆனது?

காவிரிக்கரை:
வெள்ளிக்கிழமை டெலிவரி. 10.30க்கு ராகுகாலம் என்பதால் 9 மணிக்கே அம்மாவோடு போய்விட்டோம். வண்டி சிவப்புத் துணி போர்த்தி, ரிப்பன் கட்டித் தயாராக நிற்கிறது. சாவி மட்டும் வரவில்லை. கேட்டால், "பேங்க்ல இருந்து டிஓ வரல சார், அக்கவுண்ட்ஸ்ல பார்த்துட்டு இருக்காங்க." டிஓ என்றால் டெலிவரி ஆர்டர், வண்டியைக் கொடுக்கலாம் என்று கடன் தரும் வங்கி அனுப்பும் கடிதம். அம்மா மடியில் தேங்காய், எலுமிச்சம்பழப் பையை வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 10.25 ஆனதும் எழுந்து போனார், துணியை ஓரமாக விலக்கினார், பானட்டில் சந்தனம் குங்குமம் வைத்தார். "நல்ல நேரத்துல நான் வச்சுட்டேன். இனி அவங்க எப்ப குடுத்தாலும் சரி" என்றார். சாவி வந்தபோது மணி நாலு, எமகண்டம். கேக் வெட்டக் கூப்பிட்டார்கள், அம்மா வரவில்லை. டிஓ முந்தின நாளே மெயிலில் போய்விட்டதாம். பிறகு வங்கியில் சொன்னார்கள்.

சேலத்து மாம்பழம்:
எங்களுடையது 2025 செப்டம்பர் 22. சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்த முதல் நாள், நவராத்திரி வேறு. உட்காரக்கூட இடமில்லை. அந்த நெரிசலிலும் பில்லில் 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு தொகை. எதற்கு என்று கேட்டேன். "எல்லாரும் குடுக்கறாங்க மேடம்." அதை நீக்கினால்தான் கையெழுத்து என்று பேனாவை மூடி வைத்துவிட்டேன். அந்த ஒரு தொகையை நீக்கிப் புது பில் போட மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. ஆனால் நீக்கினார்கள்.

பழைய டெலிவரிக்காரன்:
காவிரிக்கரை தம்பி, எல்லாவற்றுக்கும் ஷோரூமைச் சொல்லாதீர்கள். நான் அந்த வேலையில் இருந்தவன். முகூர்த்த நாளில் எல்லாருக்கும் அதே ஒன்றரை மணி நேரம்தான் வேண்டும், வண்டி நிறுத்திக் கொடுக்க இடம் இரண்டு. ஒருமுறை ஒரே வண்டிக்கு முன்னால் இரண்டு குடும்பம் மாலையோடு நின்றது. இன்னும் கனவில் வருகிறது.

இனி எடுக்கப் போகிறவர்களுக்கு: பிடிஐ-யை, அதாவது வண்டியை முழுதாகச் சரிபார்ப்பதை, டெலிவரிக்கு முன்பே, பகல் வெளிச்சத்தில் முடியுங்கள். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2325 என்றால் 2025இன் 23ஆவது வாரம். சேசிஸ் எண் பில்லிலும் வண்டியிலும் ஒன்றுதானா என்று பாருங்கள். இன்சூரன்ஸ் அங்கேயே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 10 லட்சத்துக்கு மேல் என்றால் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பதிவோ தற்காலிகப் பதிவோ இல்லாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள், எவ்வளவு அவசரப்படுத்தினாலும். டேஷ்போர்டு கேமரா, சீட் கவரையெல்லாம் அங்கே மாட்டச் சொன்னால் அதற்கே அரை நாள் போகும். வெளியே போட்டுக்கொள்ளுங்கள்.

காவிரிக்கரை:
டயர், சேசிஸ் எல்லாம் பார்த்தோம் அண்ணே. கூட்டமும் அன்று இல்லை, எங்களோடு சேர்த்து இரண்டே வண்டிதான். முந்தின நாள் வந்த மெயிலை நாலு மணி வரைக்கும் யாரும் திறக்கவில்லை. அதற்கு என்ன காரணம் என்றுதான் கேட்கிறேன்.