ஸ்க்ரூ பல் வைத்தவர்கள் சொல்லுங்கள், எத்தனை வருடமாக நிற்கிறது?

மண்டபம் ஊரிலிருந்து:

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்களும் எழுதுங்கள். தாடை எலும்பில் திருகு இறக்கி அதன்மேல் மாட்டும் இந்த இம்ப்ளான்ட் பல்லை நம்பலாமா என்று நிறையப் பேர் என்னைக் கேட்கிறார்கள். இரண்டு பதிலும் என் வாயிலேயே இருக்கிறது. கீழ்க் கடவாயில் 2018-ல் வைத்தது இன்றும் கல் மாதிரி நிற்கிறது. மேல்வரிசையில் 2021-ல் வைத்தது ஐந்தே மாதத்தில் கழன்று வந்துவிட்டது.

முதல் பல்லுக்கு மதுரை போனேன். ரயிலில் ஏழெட்டு முறை போய் வந்திருப்பேன். ஸ்கேன் எடுத்து, தாடை எலும்பின் உயரம் அகலமெல்லாம் அளந்து காட்டினார் டாக்டர். டைட்டானியம் என்ற உலோகத் திருகை இறக்கி ஈறைத் தைத்துவிட்டு, "நாலு மாசம் கழிச்சு வாங்க" என்றார். இவ்வளவு நாளா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. எலும்பு அந்தத் திருகோடு ஒட்டி வளர்வதற்குத்தான் அந்த நாட்கள். ஸ்வீடன் நாட்டு மருத்துவர் பிரானெமார்க் 1952-ல் முயல் எலும்புக்குள் வைத்த டைட்டானியத்தைத் திரும்ப எடுக்கப் பார்த்தபோது அது வரவே இல்லை. அங்கே தொடங்கியதுதான் இந்த வைத்தியம். 1965-ல் அவர் முதன்முதலாகப் பல் வைத்துவிட்ட மனிதருக்கு அது சாகும்வரை, 40 வருடத்துக்கு மேல் நின்றது.

இரண்டாவதை அலைச்சலுக்குப் பயந்து பக்கத்திலேயே ஒரு கிளினிக்கில் வைத்துக்கொண்டேன். ஸ்கேன் இல்லை, சின்ன எக்ஸ்ரே மட்டும். பத்தே நாளில் திருகின்மேல் கேப்பும், அதாவது செயற்கைப் பல்லும், மாட்டிவிட்டார்கள். மேல்தாடையின் பின்பக்க எலும்பு மென்மையானது, அதற்கு மேலேயே சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது, பல்லைப் பிடுங்கி வருடக்கணக்கில் விட்டால் அந்த எலும்பும் கரைந்துபோகும் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கழன்ற அன்று வலியே இல்லை. இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், நாக்கு பட்டதும் பல் சுற்றியது. விரலால் பிடித்தேன், திருகோடு வந்துவிட்டது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், மரையில் துளி எலும்புகூட ஒட்டியிருக்கவில்லை. அன்று முழுக்க மனசே சரியில்லை.

நன்றாக நிற்கும் பல்லிலும் ஒரு வித்தியாசம் உண்டு. கருவாட்டில் ஒரு மணல் கிடந்தால் சொந்தப் பல் உடனே சொல்லிவிடும். இது சொல்லாது. சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார் இருக்கிறது, இதற்கு அது கிடையாது. அதனால் நண்டுக்காலை அந்தப் பக்கம் வைத்துக் கடிப்பதை விட்டுவிட்டேன்.

கீழக்கரையிலிருந்து:

அண்ணே, எங்கள் வாப்பாவுக்கு 67 வயதில் வைத்தோம். கீழ்வரிசையில் ஒரு பல்கூடக் கிடையாது, கழற்றி மாட்டும் பல் செட்டு போட்டால் பேசும்போதே ஆடும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 9.4 இருந்ததைப் பார்த்துவிட்டு, "இப்போ வைக்க மாட்டேன், புண் ஆறாது" என்று டாக்டரம்மா திருப்பி அனுப்பிவிட்டார். வாப்பாவுக்கு வருத்தம்தான். ஆறு மாதம் நடையும் மருந்துமாக 7-க்குக் கொண்டுவந்த பிறகு, முன்பக்கம் இரண்டே திருகு வைத்து, அதன்மேல் பிரஸ் பட்டன் மாதிரி செட்டை மாட்டிவிட்டார்கள். எல்லாப் பல்லுக்கும் திருகு வைப்பதைவிடச் செலவு ரொம்பக் குறைவு. நாலு வருடமாகிறது. பெருநாளைக்கு ஒரு துண்டு தொதல் அல்வாவை அவரே மென்று தின்றதைப் பார்த்து உம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. திருப்பி அனுப்பிய அந்த டாக்டரம்மாவுக்குத்தான் நாங்கள் இன்றும் துஆ செய்கிறோம்.

தொண்டியிலிருந்து:

நான் கடலுக்குப் போகிறவன், பீடிப் பழக்கம் உண்டு. எனக்கு வைத்த பல் ஏழு வருடம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் பல் துலக்கும்போது ரத்தம் வந்தது. வலி இல்லையே என்று விட்டுவிட்டேன். ஈறு வீங்கி, சீழ் வாடை வந்த பிறகு போனால் திருகைச் சுற்றிப் பாதி எலும்பு போயிருந்தது. எடுத்துவிட்டார்கள். சொந்தப் பல் சொத்தையானால் கூசும், வலிக்கும். இதில் முதல் எச்சரிக்கை பெரும்பாலும் ரத்தம்தான். பீடி பிடிக்கிறவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் காட்டுங்கள். அண்ணே, கழன்ற இடத்தில் திரும்ப வைக்க முடியுமா?

மண்டபத்திலிருந்து:

முடியும் தம்பி. ஆனால் முதலில் பீடியை விடச் சொல்வார்கள், அதைத் தட்டாதீர்கள். எனக்கு அந்த இடத்தில் எலும்புத்தூள் வைத்து, சைனஸ் சவ்வைக் கொஞ்சம் மேலே தூக்கி, ஆறு மாதம் ஆறவிட வேண்டும் என்று மதுரை டாக்டர் சொல்லியிருக்கிறார். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் இருக்கிறதே, உங்களுக்கு ஸ்கேனும் முதல் தையலும் அதற்குள் முடிந்துவிடும். எனக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். போய் வந்து எழுதுகிறேன்.